செத்த காலேஜில் புத்தர்

போன இதழில் எழும்பூர் மியூசியத்தின் அமராவதிக் கூடத்தைப் பற்றி ஒரே ஒரு பத்திதான் எழுதினேன். "ஒரு மணி நேரம் இருந்தால் மூன்று கல்லைப் பாருங்கள், போதும்" என்று அதில் ஒரு வரி. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பாதிப் பேர் எந்த மூன்று கல் என்று கேட்கிறார்கள், மீதிப் பேர் மூன்றே மூன்றா என்று திட்டுகிறார்கள். ஆகவே இந்த முறை புத்தர் மட்டும்தான். ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது பற்றிக் கேட்ட திருவள்ளூர் வாசகர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

குரோம்பேட்டை வாசகி: பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு "செத்த காலேஜ்" போனோம். திமிங்கல எலும்புக்கூடு முன்னால் அரை மணி நேரம் நின்றார்கள். அமராவதிக் கூடத்தை இரண்டே நிமிடத்தில் கடந்துவிட்டோம். எல்லாம் உடைந்த கல், எல்லாம் ஒரே மாதிரி. உண்மையிலேயே அதில் என்ன இருக்கிறது?

செத்த காலேஜ் என்ற பெயரை இன்னும் ஒருவர் சொல்கிறாரே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ், மியூசியம் செத்த காலேஜ் என்று என் பாட்டியும் சொல்வார்.

உங்கள் மேல் தப்பே இல்லை. ஒரு வீட்டை இடித்து, கதவின் கால் பாகம், ஜன்னலில் பாதி, மாடிப்படியில் நாலு படி என்று ஒரு கூடத்தில் வரிசையாக வைத்தால் பார்க்கிறவருக்கு என்ன புரியும்? அங்கே இருப்பது அப்படி இடிந்துபோன ஒரு கட்டடத்தின் துண்டுகள்தான். ஆந்திரத்தில் கிருஷ்ணா நதிக்கரையில், பழைய தான்யகடகத்தில், அதாவது இன்றைய அமராவதியில், ஒரு பெரிய தூபி இருந்தது. செங்கல்லால் எழுப்பிய அரைக்கோள மேடு, சுமார் 50 மீட்டர் குறுக்களவு, அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் கல் வேலி, வேலிக்கும் மேட்டுக்கும் நடுவில் வலம் வர ஒரு பாதை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி, சாதவாகனர் காலத்தில் பெருகி, ஐந்நூறு வருடங்களுக்கு மேல் சேர்த்துச் சேர்த்துக் கட்டியது. அதன் வேலியிலும், மேட்டின் மேல் போர்த்திய கல் உறையிலும் இருந்த துண்டுகள்தான் எழும்பூரில் இருக்கின்றன.

அதனால் முதல் கல், தூபியின் படத்தையே செதுக்கிய பலகை. தூபியின் அடிச்சுற்றில் பதித்த கல்லில் தூபியையே செதுக்கி வைத்திருக்கிறார்கள், அந்தக் காலத்து ஆட்கள் நமக்காகவே விட்டுப்போன வரைபடம் மாதிரி. வேலி, வாசலில் சிங்கங்கள், எதிரே ஐந்து தூண்கள் வரிசையாக, மேலே மாலை மாலையாகத் தொங்கும் அலங்காரம், அதற்கும் மேலே பறந்து வருகிற தேவர்கள். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, "இந்தக் கூடத்தில் இருக்கிற ஒவ்வொரு துண்டும் இந்தப் படத்தில் எங்கே இருந்திருக்கும், கண்டுபிடி" என்று சொல்லிவிடுங்கள். வட்டமாகத் தாமரையோ கதையோ செதுக்கியிருந்தால் அது வேலித் தூணிலிருந்தோ குறுக்குக் கல்லிலிருந்தோ வந்தது, நீளமாக மாலையைச் சுமந்து போகிற ஆட்கள் இருந்தால் அது வேலியின் தலைக்கல். என் தங்கை மகன் இதை ஒரு முறை ஒன்றரை மணி நேரம் விளையாடினான், நான்தான் காபிக்கு ஏங்கிக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது, நளகிரி யானை. புத்தரைக் கொல்ல தேவதத்தன் ராஜகிருகத்துத் தெருவில் மதயானையை ஏவிவிட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வட்டக் கல்லில் ஒரே தெரு, ஆனால் ஒரே யானை இரண்டு முறை வருகிறது. ஒரு பக்கம் வெறிபிடித்து ஆட்களைத் துவைத்துக்கொண்டு வருகிறது, இன்னொரு பக்கம் அதே யானை புத்தரின் காலடியில் மண்டியிட்டுக் கிடக்கிறது. நடுவில் கோடு போட்டுப் பிரிக்கவில்லை, கண் தானாக இடமிருந்து வலம் போகும்போது நேரமும் நகர்ந்துவிடுகிறது. இதெல்லாம் புத்தகங்களில் எழுதியிருக்கும். நான் பார்க்கச் சொல்வது மேலே, மாடி ஜன்னல்களை. அங்கிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கீழே ஒரு பெண் பயத்தில் பக்கத்து ஆளை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். செதுக்கியவன் ராஜகிருகத்தைப் பார்த்திருக்கப் போவதில்லை, ஆனால் தெருவில் மாடு மிரண்டு ஓடினால் ஊர் எப்படி வேடிக்கை பார்க்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது கல்லைக் கீழே கரூர்காரருக்கு எழுதிய பதிலில் சொல்கிறேன்.

விருதுநகர் வாசகர்: புத்தர் சிற்பங்கள் என்று போனால் பல கற்களில் புத்தரையே காணோம். காலி நாற்காலியை நாலு பேர் கும்பிடுகிறார்கள். ஏன்?

நல்ல கண். ஆரம்ப காலத்துக் கற்களில் புத்தர் இருக்க வேண்டிய இடத்தில் ஆசனம் இருக்கும், அல்லது சக்கரம் பொறித்த இரண்டு பாதங்கள், அரச மரம், தர்மச் சக்கரம், தூபி. பிற்காலக் கற்களில் மனித உருவிலேயே வருகிறார், நளகிரி வட்டத்திலேயே நிற்கிறாரே. அமராவதியின் விசேஷம், இரண்டு வழக்கமும் ஒரே இடத்தில் கிடைப்பது. உருவம் செதுக்கத் தயங்கினார்களா, அல்லது அந்தக் காட்சிகள் புத்தரின் காலத்தைக் காட்டாமல் பின்னால் அந்தந்தத் தலங்களுக்குப் போய் வணங்கிய பக்தர்களைக் காட்டுகின்றனவா என்று அறிஞர்கள் நூறு வருடமாகச் சண்டை போடுகிறார்கள். நான் அந்தச் சண்டைக்குள் போகவில்லை.

ஆனால் தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. மணிமேகலை மணிபல்லவத்தில் என்ன பார்த்தாள்? புத்தரின் சிலையையா? பீடிகையை. அதை வலம் வந்து வணங்கித்தான் தன் பழம்பிறப்பைத் தெரிந்துகொண்டாள். பள்ளியில் படித்தபோது "பீடிகை" என்ற சொல்லை வெறும் அருஞ்சொற்பொருளாக மனப்பாடம் செய்தேன். எழும்பூரில் அந்தக் காலி ஆசனத்தின் மெத்தை மடிப்பு வரைக்கும் செதுக்கியிருப்பதைப் பார்த்த அன்றுதான் அது கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தது.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு அமராவதிப் பலகை இருக்கிறது. ஒரு பக்கம் கி.மு. 1-ஆம் நூற்றாண்டு வாக்கில் செதுக்கிய காலி ஆசனமும் மரமும். சில நூற்றாண்டு கழித்து யாரோ அதே கல்லைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் அலங்காரம் பொங்கி வழிகிற ஒரு தூபியைச் செதுக்கிவிட்டார்கள். பழைய நோட்டின் பின்பக்கத்தில் கணக்கு எழுதுகிற மாதிரி. பக்தியில் கட்டினாலும் சிக்கனத்தை விடவில்லை.

கரூர் வாசகர்: நான் பரம்பரையாகத் தச்சு வேலை செய்கிற குடும்பம். எந்த மியூசியம் போனாலும் ராஜா பெயர் இருக்கிறது, நூற்றாண்டு இருக்கிறது, செய்தவன் பெயர் இல்லை. அமராவதியில் கல் கொத்தியவன் பெயர் ஒன்றாவது உண்டா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லவும்.

சுற்றி வளைக்காமல் என்றால்: அநேகமாக இல்லை. இந்தச் சிற்பத்தை இன்னார் செதுக்கினார் என்று கையெழுத்துப் போட்டுக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. ஆனால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதால் கொஞ்சம் வளைக்கத்தான் போகிறேன், மன்னிக்கவும்.

அந்தக் கற்களின் ஓரங்களில், தாமரை இதழுக்குக் கீழே, பட்டையில், சின்னச் சின்ன எழுத்தாகப் பிராமி லிபியில் பிராகிருத வரிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை கொடுத்தவர் பெயர். இங்கேதான் நான் முதலில் அசந்துபோனது. ராஜாக்கள் பட்டியலை எதிர்பார்த்துப் படிக்கப் போனால் வருகிறவர்கள் பிக்குணிகள், வீட்டுக்காரப் பெண்கள், வியாபாரிகள், வாசனைத் திரவியம் விற்பவர். தோல் வேலை செய்கிற விதிகன் என்று ஒருவர், நாகன் என்ற ஆசிரியரின் மகன், தன் அம்மா, மனைவி, சகோதரர்கள், மகன், மகள்கள், சொந்தபந்தம், நண்பர்கள் எல்லோரோடும் சேர்ந்து பூர்ணகும்பம் செதுக்கிய ஒரு பலகையைக் கொடுத்திருக்கிறார். தோல் தொழிலாளி, புனிதமான கட்டடத்தில் நிறைகுடம். பிற்காலத்தில் இந்தத் தொழில் செய்தவர்களைக் கோயில் வாசலுக்கு வெளியே எத்தனை நூற்றாண்டு நிறுத்தி வைத்தோம் என்பதை நினைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்துப் பாருங்கள். இன்னொரு வரியில் தமிளக் கண்ஹன் என்று ஒருவர், தம்பி சுளகண்ஹன், தங்கை நகா, மூன்று பேரும் சேர்ந்து ஒரு நிமிர்ந்த பலகையைக் கொடுத்திருக்கிறார்கள். "தமிள" என்ற அடைமொழியை வைத்து இவர்கள் தமிழர் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். நம்மூர்க்காரர் அந்தக் காலத்திலேயே கிருஷ்ணா கரைக்குப் போய் அண்ணன் தம்பி தங்கையாகச் சேர்ந்து மொய் எழுதிவிட்டு வந்திருக்கிறார்!

நவகம்மிகர் என்ற சொல்லும் வருகிறது, கட்டுமான வேலையை மேற்பார்க்கிற துறவி. ஆக, பணம் கொடுத்தவர் தெரிகிறார், மேஸ்திரி தெரிகிறார், உளி பிடித்தவர்தான் தெரியவில்லை.

இப்போது உங்கள் ஆள். அமராவதியிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை, ஜக்கய்யபேட்டை என்று ஒரு இடம், அங்கேயும் தூபி இருந்தது. 1882-இல் தொல்லியல் ஆய்வாளர் ஜேம்ஸ் பர்ஜெஸ் தோண்டியபோது கிடைத்த தூண்களில் ஒரு கல்வெட்டு. இக்ஷ்வாகு மன்னன் வீரபுருஷதத்தனின் 20-ஆவது ஆட்சியாண்டு, கி.பி. 3-ஆம் நூற்றாண்டு. மன்னன் பெயர் ஆண்டைக் குறிப்பதற்குத்தான். கொடுத்தவர் "ஆவேசனி" சித்தத்தர், "ஆவேசனி" நகசந்தரின் மகன். ஆவேசனி என்றால் பட்டறைக்காரர், கைவினைஞர். அப்பாவும் பட்டறை, மகனும் பட்டறை, உங்கள் வீடு மாதிரியே. தூபியின் கிழக்கு வாசலில் ஐந்து ஆயகத் தூண்களை, முதல் கல்லில் பார்த்தோமே அதே மாதிரி வரிசைத் தூண்களை, நிறுத்தியிருக்கிறார். பிறப்பு, துறவு, ஞானம், முதல் போதனை, பரிநிர்வாணம் என்று புத்தர் வாழ்க்கையின் ஐந்து கட்டங்களைக் குறிக்கிற தூண்கள் என்பார்கள். அந்தக் கல்வெட்டில் பாதிக்கு மேல் குடும்பம்தான். "அம்மா நாகிலானியை முன்னிறுத்தி" என்று தொடங்குகிறார், பிறகு மனைவி சமுதானி, மகன் மூலசிரி, மகள் நாகபுதனிகா, உடன்பிறந்தவர் புதினகர், அவர் மனைவி, அவருடைய இரண்டு பையன்கள், அவருடைய மகள். அந்தப் பெண்ணின் பெயர் சித்தத்தனிகா. பெரியப்பாவோ சித்தப்பாவோ, அவர் பெயரையே பெண்ணுக்கு வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. கடைசியில் எல்லா உயிர்களின் நன்மைக்காகவும் சுகத்துக்காகவும் என்று முடிக்கிறார்.

தூணை அவரே கொத்தினாரா? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. பட்டறைக்காரர் அடுத்த பட்டறையில் போய் வாங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஜக்கய்யபேட்டையிலிருந்து வந்ததுதான் நான் சொன்ன மூன்றாவது கல், பழங்கதைகளில் வருகிற மாந்தாதா சக்கரவர்த்தி. இது சித்தத்தருக்கும் சில நூற்றாண்டு முந்தியது. ராஜா ஒரு கையை மார்பில் வைத்து மறு கையை வானத்துக்குத் தூக்குகிறான், மேகத்திலிருந்து காசு மழையாகக் கொட்டுகிறது. கொட்டுகிற காசைக் கவனியுங்கள், சதுரம்! அந்தக் காலத்தில் புழங்கிய முத்திரைக் காசு பலவும் சதுரம்தான். தேவலோகத்துப் பண மழையைச் செதுக்கச் சொன்னால், தன் மடியில் இருந்த காசைப் பார்த்துச் செதுக்கியிருக்கிறான். யானை, குதிரை, சக்கரம், ராணி என்று சக்கரவர்த்தியின் செல்வங்கள் சுற்றி நிற்கின்றன. உருவங்கள் ஒல்லியாக, உயரமாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு உடனே நளகிரி வட்டத்துக்குத் திரும்பி வந்தால், நடுவில் எத்தனை தலைமுறைக் கை பழகியிருக்கிறது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் உளி பிடிக்கிறவர்.

சாஞ்சியையும் சொல்லிவிடுகிறேன். அங்கே தெற்குத் தோரண வாசலில் விதிசா ஊர்த் தந்த வேலைக்காரர்கள் செதுக்கினார்கள் என்று எழுதியே இருக்கிறது. அதே வாசலில் சாதகர்ணி மன்னனின் ஆவேசனி ஆனந்தன் பெயரும். யானைத் தந்தத்தில் நுணுக்கி நுணுக்கிப் பழகிய கை கல்லுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்பது அந்த வாசலைப் பார்த்தால் தெரியும், ஒரு விரற்கடை இடம் சும்மா விடவில்லை.

கோவை வாசகர்: "அமராவதி மார்பிள்" என்கிறார்களே, அது மார்பிளா?

இல்லை. ஆந்திரத்துப் பல்நாட்டுச் சுண்ணாம்புக் கல், லேசாகப் பச்சை ஓடிய வெள்ளை. வெள்ளைக்காரர்கள் மார்பிள் என்று எழுதி அது ஒட்டிக்கொண்டது. வெட்டுவதற்கு இதமான கல் என்பதால்தான் அவ்வளவு நுணுக்கம். சுண்ணாம்பாக எரிக்கவும் இதமான கல், அதுதான் அதன் கேடு. அடுத்த பதிலைப் பார்க்கவும்.

தஞ்சாவூர் வாசகர்: பாதி அமராவதி லண்டனில் இருக்கிறது. திருடிக்கொண்டு போனதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமல் போன இதழில் நழுவிவிட்டீர்கள்.

நழுவவில்லை, இடமில்லை. கோபம் நியாயம்தான், ஆனால் கதை நாம் நினைக்கிற அளவுக்கு ஒரு பக்கச் சாய்வு இல்லை.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடு என்ற ஜமீன்தார் அங்கே புது ஊர் கட்டினார். கட்டுமானத்துக்குக் கல் வேண்டும், பக்கத்தில் மேடு இருக்கிறது, தோண்டினார்கள். கேள்விப்பட்டு, கம்பெனியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி வந்து பார்த்தார். அவரே 1816-இல் ஆட்களோடு திரும்பி வந்தபோது மேட்டின் நடுவில் குளம் வெட்டியிருந்தது. சிற்பங்கள் படிக்கல்லாகின, சுவராகின, பல சூளைக்குப் போய்ச் சுண்ணாம்பாகின. மெக்கன்சியின் ஆட்கள் வரைந்து வைத்த படங்கள் இல்லையென்றால் பல கற்கள் இருந்ததே தெரிந்திருக்காது.

1845-இல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டி, கிடைத்ததை மெட்ராஸுக்கு அனுப்பினார். இங்கே அவை பல வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-இல் 121 கற்கள் கப்பல் ஏறின. போன இடத்தில் ராஜ மரியாதை கிடைத்தது என்று நினைக்காதீர்கள். லண்டனில் ஃபைஃப் ஹவுஸ் என்ற கட்டடத்தில் போட்டு வைத்து மறந்தேபோனார்கள். 1867-இல் கட்டடக்கலை வரலாற்றாளர் ஜேம்ஸ் ஃபெர்குசன் குதிரை வண்டிக் கொட்டகையில் அவற்றைக் கண்டெடுத்த பிறகுதான் ஐரோப்பா வாயைப் பிளந்தது. பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது 1880-இல். அப்புறம் பர்ஜெஸ் தோண்டி எடுத்தவற்றையும் அந்தப் பக்கம் இழுக்கப் பார்த்தபோது, எழும்பூர் மியூசியத்தின் அன்றைய கண்காணிப்பாளர் ஜார்ஜ் பிடி, இவை இந்த நாட்டிலேயே இருக்கட்டும் என்று பிடிவாதமாக நின்றார். நின்றதோடு விடாமல் கற்களைச் சுவரில் சிமெண்ட் வைத்துப் பூசியும்விட்டார். பர்ஜெஸுக்கு அதில் பயங்கரக் கடுப்பு. கல்லுக்கு அந்தச் சிமெண்ட் நல்லதில்லை என்பது உண்மை. ஆனால் கல் இங்கேயே இருப்பதற்கு அவருடைய பிடிவாதம் ஒரு காரணம் என்பதும் உண்மை. எனக்கு அந்த மனிதரைக் கொஞ்சம் பிடிக்கும்.

லண்டனில் இருப்பது திரும்ப வர வேண்டுமா என்றால், வர வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் எங்கே? எழும்பூருக்கா, கிருஷ்ணா கரைக்கா? ஆந்திர நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "முதலில் உங்கள் எழும்பூரில் இருப்பதைக் கொடுங்கள், அப்புறம் லண்டனைப் பற்றிப் பேசலாம்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

நாகப்பட்டினம் வாசகி: எங்கள் ஊரில் கிடைத்த புத்தர்களை எழும்பூரில்தான் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. ஊரில் இதன் சுவடே இல்லையே.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

கடல் கடந்த சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய நாட்டு அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் அப்பா சூளாமணிவர்மன் பெயரால் உங்கள் ஊரில் விகாரம் கட்டினான். ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பௌத்தப் பள்ளிக்கு மானியமாக, விட்டான். நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போன பெரிய செப்பேடு, 21 ஏடு, சொல்வது இந்தக் கதையைத்தான். பெரிய கோயில் கட்டிய அதே ராஜா. கடலோடிகள் அடையாளம் வைத்துக்கொண்ட ஒரு செங்கல் கோபுரம் 19-ஆம் நூற்றாண்டு வரை நாகையில் நின்றது. ஊரார் புதுவெளிக்கோபுரம் என்றார்கள், வெள்ளைக்காரர் சைனா பகோடா என்றார்கள். 1846-இல் அதைப் பார்த்தபோது மூன்று அடுக்கு மிச்சம் இருந்ததாக எழுதி வைத்தவர் யார் தெரியுமா? அமராவதியைத் தோண்டிய அதே வால்டர் எலியட். 1867-இல் அது இடிக்கப்பட்டது. 1856 தொடங்கி 1930-கள் வரைக்கும் வெள்ளிப்பாளையம் பக்கமும் நாணயக்காரத் தெருவிலும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புத்தத் திருமேனிகள் சுமார் 350. எழும்பூருக்கு வந்தது போக மற்றவை உலகம் முழுக்கச் சிதறின.

மியூசியத்தில் செப்புத் திருமேனிகளுக்குத் தனிக் கட்டடம். எல்லோரும் நடராஜருக்கு நேராகப் போய்விடுவார்கள், நானும் பல வருடம் அப்படித்தான். நாகை புத்தர் முன்னால் நின்றால் முதலில் கண்ணில் படுவது உச்சந்தலையில் எரிகிற சுடர். பிறகு வலக் கை அஞ்சாதே என்கிறது. சில திருமேனிகளில் மேலே போதி மரம், இரண்டு பக்கமும் நாகராஜர்கள் கவரி வீசுகிறார்கள். ஆடையின் விளிம்பு தோளில் மடிகிற இடத்தைப் பாருங்கள், இது சோழ நாட்டுக் கை. சிவனை வார்த்த பட்டறைதான் புத்தரையும் வார்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம், மெழுகுக்கு மதம் கிடையாது. உள்ளங்கையில் அடங்குகிற சின்னஞ்சிறு புத்தர்களும் நிறைய. யாரோ வேண்டிக்கொண்டு, முடிந்த காசுக்குச் செய்து கொடுத்தவை.

செய்தவர்களைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது, கரூர் வாசகரும் கேட்டுக்கொள்ளவும். நாகையில் கிடைத்த ஒரு புத்தர் இன்று நியூயார்க்கில் ஆசியா சொசைட்டியில் இருக்கிறார். அந்தப் பீடத்தில் தமிழில் எழுதியிருக்கிறது: ராசேந்திர சோழப் பெரும்பள்ளியில் உள்ள அக்கசாலைப் பெரும்பள்ளியின் ஆழ்வார் கோயிலுக்கு, திருவிழாவில் எழுந்தருளச் செய்த ஆழ்வார். ஆழ்வார் என்பது இங்கே புத்தர்! அக்கசாலை என்றால் பொற்கொல்லர், உலோக வேலை செய்வோர். அவர்கள் பெயரிலேயே நாகையில் ஒரு பௌத்தப் பள்ளி இருந்திருக்கிறது. புத்தர் நம்ம ஊர் உற்சவர் மாதிரி மாலை போட்டுக்கொண்டு தெருவில் வீதியுலா வந்திருக்கிறார்.

வார்ப்பு எப்படி என்று தெரிந்துகொள்ள சுவாமிமலைக்கு ஒரு நாள் போய்விட்டு வாருங்கள், உங்களுக்குப் பக்கம்தான். தென்னை ஓலையை நறுக்கி மடித்து மடித்து அளவு எடுப்பார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்து, அதன் மேல் காவிரி வண்டலைப் பூசி, நிழலில் உலர்த்தி, மேலும் மண் அப்பி, கம்பி சுற்றிக் கட்டி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவது. மெழுகை முதலிலேயே நிறுத்துக்கொண்டு அதைப் போல எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் உருக்குவார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் சாமி வெளியே வரும், அச்சு போச்சு, அதே மாதிரி இன்னொன்று பிறக்காது. நான் போன அன்று ஒரு ஸ்தபதி உடைத்துக்கொண்டிருந்தார். முகம் வெளியே வரும் வரை யாரும் பேசவில்லை. "மண்ணைக் கேட்டுத்தான் உடைக்கணும் சார்" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் நாகை புத்தரின் மூக்கு நுனியைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய சுத்தியல்தான் ஞாபகம் வருகிறது.

பெயர் வேண்டாம், சேலம்: எங்கள் ஊர் தலைவெட்டி முனியப்பன் புத்தர்தானா?

தொல்லியல் துறை ஆராய்ந்து அது புத்தர் சிலை என்று சொல்லி, 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. இத்தனை நாள் முனியப்பனாக நினைத்துக் கும்பிட்டவர்களின் நேர்த்திக்கடன் செல்லுமா என்று நீங்கள் கேட்டிருப்பதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். புத்தர் கோபித்துக்கொள்கிற ஆளாகத் தெரியவில்லை.

புதுச்சேரி வாசகர்: நான் பௌத்தன். மியூசியத்தில் இருக்கும் புத்தரைக் கும்பிடலாமா? யாராவது தடுப்பார்களா?

கை கூப்புவதை யார் தடுப்பது? பூ வைப்பது, எண்ணெய் தடவுவது, தொடுவது மட்டும் வேண்டாம். உள்ளங்கை வியர்வை கூடப் பழைய செம்புக்கு ஆகாது. ஒரு முறை வெள்ளைப் புடவையில் ஒரு வயதான அம்மா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த கல்லூரிப் பசங்க செல்ஃபி எடுக்க வந்தவர்கள், போனைக் கீழே இறக்கிவிட்டு, அவர் எழுந்திருக்கும் வரை ஓரமாக நின்றார்கள். காவலர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு வழிவிட்டார், அவ்வளவுதான்.

மறுபடியும் குரோம்பேட்டை வாசகி (இரண்டாவது கடிதம்): சரி, இன்னொரு முறை போகலாம் என்று முடிவு செய்துவிட்டோம். என்ன எடுத்துக்கொண்டு போகலாம்?

பென்சிலும் ஒரு நோட்டும். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு கல், அதில் ஒரு சின்ன உருவம், அதை மட்டும் வரையச் சொல்லுங்கள். ஜன்னலில் எட்டிப் பார்க்கிற பெண் சின்னவளுக்கு, யானை பெரியவனுக்கு. கூடங்களைப் பராமரிப்புக்காக மூடி வைப்பதும் உண்டு, கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை. நான் இரண்டு முறை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.